ஒரே மருத்துவமனையால் விடை காண முடியாத கேள்வி

1996ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. இரண்டும் கேட்டது ஒரே கேள்விதான். மலேரியா முற்றி உயிருக்குப் போராடும் நிலையில் வருபவருக்குப் பழைய குயினைன் கொடுப்பதா, சீனாவிலிருந்து வந்த புதிய வகை மருந்துகளில் ஒன்றான ஆர்டிமீத்தர் கொடுப்பதா? வியட்நாமில் 560 பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், குயினைன் பெற்றவர்களில் 17 சதவீதம் பேரும் ஆர்டிமீத்தர் பெற்றவர்களில் 13 சதவீதம் பேரும் இறந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 576 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில் இறப்பு முறையே 21.5, 20.5 சதவீதம்.

சரி, எது நல்ல மருந்து? புதியது கொஞ்சம் மேல் என்று தோன்றுகிறது. ஆனால் உயிரைக் காப்பதில் அதுவே மேல் என்று இரண்டு ஆய்வுகளாலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. அறுநூறை நெருங்கும் நோயாளிகள்கூட இந்தக் கேள்விக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பது பிடிபட்டால், வெப்பமண்டல நாடுகளில் தொற்றுநோய்களுக்கான கிளினிக்கல் ட்ரையல்கள் ஏன் பல நாடுகள் சேர்ந்து நடத்தப்படுகின்றன என்பதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

ட்ரையல் என்பதன் அடிப்படை எளிமையானது. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாதபோது, ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒன்று, மறு பிரிவுக்கு மற்றொன்று கொடுத்து, முடிவில் எண்ணிப் பார்க்கிறோம். யார் எந்தப் பிரிவுக்குப் போவது என்பதை மருத்துவர் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல்தான் தீர்மானிக்க வேண்டும். மருத்துவரிடம் விட்டால், "இவருக்கு ரொம்ப முடியவில்லை, புது மருந்தையே போடுவோம்" என்று மனம் போகும். நல்ல எண்ணம்தான். ஆனால் மிக மோசமான நோயாளிகள் எல்லாம் புது மருந்தின் பக்கம் குவிவார்கள், அவர்களில் அதிகம் பேர் இறப்பார்கள், பழி மருந்தின் மேல் விழும். அதனால்தான் மூடிய உறையோ சீல் வைத்த பெட்டியோ வைத்து, நோயாளியைச் சேர்த்த பிறகே அதைத் திறப்பது.

குலுக்கலால் ஒரு சிக்கல் தீர்கிறது. தற்செயல் என்ற சிக்கல் அப்படியே நிற்கிறது. ஒரு ரூபாய்க் காசைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழலாம், அதற்காகக் காசில் கோளாறு என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை தலை விழுந்தால் சந்தேகப்படாமல் இருக்க முடியாது. சாவின் கணக்கும் அப்படித்தான். ஒரு மருத்துவமனையில் ஐம்பது பேருக்கு ஒரு மருந்து, ஐம்பது பேருக்கு இன்னொன்று என்று கொடுத்து, ஒரு பக்கம் 11 பேரும் மறுபக்கம் 8 பேரும் இறந்தால், அந்த மூன்று உயிரைக் காத்தது மருந்தா, தற்செயலா என்று சொல்ல வழியில்லை.

இங்கே ஒரு கொடுமையான விதி இருக்கிறது. கண்டுபிடிக்க வேண்டிய வித்தியாசம் பாதியாகச் சுருங்கினால், தேவைப்படும் நோயாளிகளின் எண்ணிக்கை இரு மடங்காகாது, ஏறத்தாழ நான்கு மடங்காகும். இறப்பு 22 சதவீதத்திலிருந்து 15க்குக் குறைகிறது என்பதை ஓரளவு நம்பகமாகக் காட்டச் சுமார் 1,000 பேர் வேண்டும். 10.9லிருந்து 8.5க்குக் குறைகிறது என்று காட்ட 4,800 பேர் வரை தேவைப்படும். ஆண்டுக்கு 100 பேரைச் சேர்க்கும் ஒரு மருத்துவமனை தனியாக இந்த இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொண்டால் விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆகிவிடும். இந்த எண்களை நான் சும்மா எடுக்கவில்லை. இரண்டும் உண்மையில் நடந்த ஆய்வுகளிலிருந்து வந்தவை.

குயினைனும் ஆர்டிசுனேட்டும்

குயினைன் நமக்குப் பழக்கமான மருந்து. தாத்தா பாட்டி காலத்தில் கொயினா என்பார்கள். அதற்காகவே நீலகிரியில் சிங்கோனா மரம் வளர்த்து, நடுவட்டத்தில் அரசுத் தொழிற்சாலையே நடந்தது. 1820இல் சிங்கோனா பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட நாள் முதல் அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் கொடுப்பது எளிதல்ல. வேகமாக நரம்பில் ஏற்றினால் ரத்த அழுத்தம் சரியும், இதயம் பாதிக்கப்படும். அதனால் ட்ரிப்ஸில் கலந்து நான்கு மணி நேரம் மெல்ல ஏற்ற வேண்டும், அதுவும் நாளுக்கு மூன்று முறை. இரவு டியூட்டியில் ஒரே ஒரு நர்ஸ் இருக்கும் வார்டில் இது எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போதாததற்கு, அது இன்சுலின் சுரப்பைத் தூண்டிச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். ஏற்கெனவே மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கியதை யாரும் கவனிக்காமலே போகலாம்.

ஆர்டிசுனேட், மேலே பார்த்த ஆர்டிமீத்தரைப் போலவே, ஆர்டிமிசியா என்ற செடியிலிருந்து கிடைக்கும் ஆர்டிமிசினின் குடும்பத்தைச் சேர்ந்தது. சீன அரசு 1967இல் தொடங்கிய ஒரு ரகசியத் திட்டத்தில் பிறந்த குடும்பம் இது. அதில் முக்கியப் பங்காற்றிய து யூயூவுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்டிசுனேட் பொடியைக் கரைத்துச் சில நிமிடங்களில் ஊசியாகப் போட்டுவிடலாம். முதலில் ஒன்று, 12 மணி நேரம் கழித்து ஒன்று, 24ஆவது மணியில் ஒன்று, அப்புறம் நாளுக்கு ஒன்று.

வசதி மட்டும் அல்ல, வேலை செய்யும் விதமும் வேறு. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள் நுழைந்து முதல் ஒரு நாள் இளம்பருவத்தில் ரத்தத்தோடு சுற்றிக்கொண்டிருக்கும். முதிர்ந்ததும் அந்த அணு மூளையிலும் மற்ற உறுப்புகளிலும் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொண்டு வழியை அடைக்கும். நினைவு தப்புவது இதனால்தான். குயினைன் முதிர்ந்த கிருமிகளைத்தான் முக்கியமாகத் தாக்கும். ஆர்டிசுனேட் இளம்பருவக் கிருமியையும் ஒட்டிக்கொள்ளும் முன்பே கொல்லும். தாளில் எழுதிப் பார்த்தால் ஆர்டிசுனேட் ஜெயித்தே தீர வேண்டும். ஆனால் தாளில் ஜெயித்து வார்டில் தோற்ற மருந்துகள் ஏராளம், அதனால் ஆய்வைத் தவிர்க்க முடியவில்லை.

2003 ஜூனிலிருந்து 2005 மே வரை வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, மியான்மர் ஆகிய நான்கு நாடுகளில் அந்த ஆய்வு நடந்தது. சீக்வாமாட் என்று பெயர். ஒருங்கிணைத்தது பாங்காக்கின் மஹிடோல் பல்கலைக்கழகமும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் 1979 முதல் சேர்ந்து நடத்தும் ஆய்வுப் பிரிவு, பணம் தந்தது பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட். இந்தியாவில் ஒடிசாவின் ரூர்கேலாவில் உள்ள இஸ்பாத் பொது மருத்துவமனை இதில் பங்கெடுத்தது. மொத்தம் 1,461 பேர். குயினைன் பெற்ற 731 பேரில் 164 பேர் இறந்தார்கள், ஆர்டிசுனேட் பெற்ற 730 பேரில் 107 பேர். 22 சதவீதமும் 15 சதவீதமும். லான்செட் இதழில் கட்டுரை வந்தபோது ஆசிரியர் என்ற இடத்தில் தனி ஆளின் பெயர் இல்லை, ஆய்வுக் குழுவின் பெயரே இருந்தது. சின்ன விஷயம்தான், எனக்குப் பிடித்திருந்தது.

இத்தோடு முடிந்ததா? இல்லை. இந்த ஆய்வில் பெரும்பாலோர் பெரியவர்கள், ஆனால் மலேரியாவால் சாவது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். குழந்தைகளின் உடலில் நோய் போகும் போக்கே வேறு: சிறுநீரகம் செயலிழப்பது குறைவு, வலிப்பும் கடும் ரத்தசோகையும் அதிகம். ஆசியாவில் கிடைத்த விடையை அப்படியே அங்கே கொண்டுபோகலாமா என்பது நியாயமான சந்தேகம். அதனால் 2005 அக்டோபரில் அக்வாமாட் தொடங்கியது. மொசாம்பிக், காம்பியா, கானா, கென்யா, தான்சானியா, நைஜீரியா, உகாண்டா, ருவாண்டா, காங்கோ ஜனநாயகக் குடியரசு என ஒன்பது நாடுகளில் 11 மையங்கள். 2010 ஜூலைக்குள் 5,425 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். குயினைன் பிரிவில் 10.9 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்டிசுனேட் பிரிவில் 8.5. நூற்றுக்கு இரண்டரை கூட இல்லை என்று அலட்சியமாகப் பார்க்கத் தோன்றும். நாற்பது குழந்தைகளுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்தால் கூடுதலாக ஒரு குழந்தை பிழைக்கும் என்று அதற்குப் பொருள். ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் குழந்தைகள் சாகும் நோயில் அது எவ்வளவு பெரிய தொகை! அரை நூற்றாண்டு ஆகும் என்று மேலே சொன்ன கணக்கு, 11 இடங்கள் சேர்ந்ததால் ஐந்து ஆண்டுகளுக்குள் முடிந்தது.

சேர்ந்து நடத்துவது என்றால்

கூட்டு முயற்சி என்றதும் மாநாட்டு மேடையும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் புகைப்படமும் நினைவுக்கு வரலாம். உண்மையில் அது பெரும்பாலும் படிவங்களைப் பற்றியது. காங்கோவின் கின்ஷாசாவில் ஒரு டாக்டர் 'தீவிர மலேரியா' என்று எழுதுவதும் மொசாம்பிக்கின் பெய்ராவில் இன்னொருவர் எழுதுவதும் ஒரே நிலையைக் குறிக்க வேண்டும், இல்லையென்றால் எண்களைக் கூட்டவே முடியாது. நினைவு எந்த அளவு தப்பியிருக்கிறது என்பதை எல்லா இடத்திலும் ஒரே அளவுகோலால் மதிப்பிட வேண்டும். "கண்ணைத் திற, பேர் சொல்லு" என்றால் பேசப் பழகாத குழந்தை என்ன செய்யும்? அதற்காகவே மலாவியின் பிளாண்டையர் நகரில் குழந்தைகளுக்கென்று ஓர் அளவுகோலை உருவாக்கியிருந்தார்கள். ரத்த ஸ்லைடைப் படிப்பவருக்குப் பயிற்சி தர வேண்டும், மருந்து எல்லா இடத்திலும் ஒரே தரத்தில் கெடாமல் இருக்க வேண்டும், மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இதையெல்லாம் எழுதிவைத்த ஆவணத்துக்கு ப்ரோட்டோகால் என்று பெயர். ஒவ்வொரு நாட்டின் நெறிமுறைக் குழுவும் அதைத் தனித்தனியாகப் படித்து அனுமதி தர வேண்டும். ஆய்வே தொடங்காமல் இதற்கு மட்டும் மாதக்கணக்கில் போகும்.

யாருக்கு எந்த மருந்து என்று நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் வைப்பதுதான் உயர்ந்த முறை என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். இந்த இரண்டு ஆய்வுகளிலும் அப்படிச் செய்யவில்லை. ஒன்று மணிக்கணக்கில் ஏறும் ட்ரிப்ஸ், மற்றது சில நிமிட ஊசி. மறைப்பதற்காகக் குழந்தைக்குப் பொய் ட்ரிப்ஸ் ஏற்றுவது தேவையற்ற ஆபத்து. தவிர, இங்கே எண்ணுவது சாவை. வலி குறைந்ததா என்று கேட்டால் விருப்பு வெறுப்பு பதிலில் கலந்துவிடும், உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விக்கு அந்தச் சிக்கல் இல்லை. பாடப்புத்தக விதியை எங்கே தளர்த்தலாம் என்று தெரிந்து தளர்த்துவதும் இந்த வேலையின் திறமைதான்.

எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்த விடை

எல்லா ட்ரையலும் புதியதை ஜெயிக்க வைப்பதில்லை. என் கணக்கில் இந்தத் துறையிலேயே மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று, பலரும் நம்பியிருந்த சிகிச்சை தோற்ற ஆய்வு.

கடும் காய்ச்சலில் ரத்த ஓட்டம் குன்றி, கை கால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு, நரம்பு வழியே சலைனை வேகமாக ஏற்ற வேண்டும் என்பது பணக்கார நாடுகளின் வழிகாட்டு நெறி. ட்ரிப்ஸ் ஏற்றினால் தெம்பு வரும் என்று நம் ஊரில் இருக்கும் நம்பிக்கைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. கென்யா, உகாண்டா, தான்சானியாவில் ஆறு மருத்துவமனைகள் சேர்ந்து இதைச் சோதித்தன. ஃபீஸ்ட் என்ற அந்த ஆய்வில் 3,141 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு வேகமாகச் சலைன், இன்னொன்றுக்கு வேகமாக அல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசல், மூன்றாவது பிரிவுக்கு வேகமாக எதுவும் இல்லை, வழக்கமான மெதுவான திரவம் மட்டும். 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் முதல் இரண்டு பிரிவிலும் நூற்றுக்குப் பத்தரை பேர், மூன்றாவது பிரிவில் 7.3 பேர். காப்பாற்றும் என்று நினைத்தது கொன்றுகொண்டிருந்தது.

3,600 குழந்தைகளைச் சேர்ப்பதாகத்தான் திட்டம். 2011 ஜனவரியிலேயே சேர்க்கை நிறுத்தப்பட்டது. நிறுத்தச் சொன்னது, ஆய்வு நடத்துபவர்களோடு தொடர்பில்லாத ஒரு கண்காணிப்புக் குழு. பெரிய ட்ரையல் எதிலும் இப்படி ஒரு குழு இருக்கும். பாதி வழியில் எண்களைத் திறந்து பார்க்கும் உரிமை அதற்குத்தான் உண்டு. ஒரு பக்கம் சாவு தெளிவாகக் கூடுகிறது என்று கண்டால் நிறுத்தச் சொல்லலாம்.

நன்கு வசதியுள்ள ஐசியூவில் பிறந்த விதி, வென்டிலேட்டர் இல்லாத, பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மலேரியா இருந்த வார்டுகளில் தலைகீழாகிவிட்டது. நோய் இருக்கும் இடத்திலேயே, அங்கிருக்கும் வசதிகளோடுதான் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. வெப்பமண்டலம் என்று ஒரே பெயரில் அடக்குவதும் ஏமாற்றும். மணல் ஈ கடியால் பரவும் காலா அசார் நோய்க்கான பாரோமோமைசின் ஊசி பீகாரில் 95 சதவீதம் பேரைக் குணப்படுத்தியது. அதே தினசரி அளவை சூடான், எத்தியோப்பியா, கென்யாவில் கொடுத்தபோது ஆறு மாதம் கழித்துக் குணமாகியிருந்தவர்கள் 64 சதவீதம்தான். அங்கே அதை இன்னொரு மருந்தோடு சேர்த்துத் தர வேண்டியதாயிற்று.

சம்மதம்

இதெல்லாம் ஏழை மக்களை வைத்து நடத்தும் சோதனைதானே என்ற கேள்வி வரும், வர வேண்டும். 1996இல் நைஜீரியாவின் கானோ நகரில் மெனிஞ்சைட்டிஸ் என்ற மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் 200 குழந்தைகளிடம் தன் புதிய மருந்தை வேறொரு மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்தது. 11 குழந்தைகள் இறந்தார்கள். இது சோதனை என்றே தங்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று குடும்பங்கள் குற்றம்சாட்டின, நிறுவனம் மறுத்தது. வழக்கு நீண்டு 2009இல் கானோ மாநில அரசோடு சமரசத்தில் முடிந்தது. அந்தப் பகுதியில் வெளியிலிருந்து வரும் மருந்துகள் மேல் மக்களுக்கு ஏற்பட்ட அவநம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் முடியவில்லை.

அதனால்தான் சம்மதம் வாங்கும் முறைக்கு இத்தனை கவனம். ஆனால் நினைவிழந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாயிடம் பல பக்கத் தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பதும் கேலிக்கூத்துதான். ஃபீஸ்ட் ஆய்வில் அவசர நிலையில் முதலில் வாய்மொழியாகச் சுருக்கமாகக் கேட்டார்கள், குழந்தையின் நிலை சீரான பிறகு முழுமையாக விளக்கி எழுத்தில் வாங்கினார்கள். இது சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். என்னைக் கேட்டால், இதைவிட நேர்மையான வழி அந்த வார்டில் இருந்திருக்காது.

நோய் அரிதாக இருந்தால் கூட்டு முயற்சிக்கு இன்னொரு காரணம் சேர்கிறது. ஆப்பிரிக்காவில் ஒரு வகை ஈ கடித்துப் பரவும் தூக்க நோய்க்கான ஃபெக்ஸினிடசோல் மாத்திரையைச் சோதிக்க காங்கோவிலும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசிலும் 394 பேரைத் திரட்டவே ஆண்டுகள் ஆயின. அதை நடத்திய டிஎன்டிஐ என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2003இல் தொடங்கப்பட்டது, நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) அதன் நிறுவன உறுப்பினர். மருந்து வாங்கக் காசில்லாத நோயாளிகளுக்காக எந்தக் கம்பெனியும் தானாக ட்ரையல் நடத்த வராது என்பதால்தான் இப்படிப்பட்ட அமைப்புகளே தேவைப்பட்டன.

இந்த வகை ஆய்வின் முன்னோடிகளில் ஒன்று சென்னையில் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஐசிஎம்ஆர், அன்றைய மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் காசநோய்க்கான ஒரு மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் சேர்த்து நல்ல உணவும் ஓய்வும் தந்தார்கள், மீதிப் பேர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்தார்கள். இரு பிரிவுக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை, வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959இல் முடிவுகள் வந்த பிறகு உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் மெல்ல முடிவுக்கு வந்தது.

மலேரியாவுக்குத் திரும்பினால், உலக சுகாதார நிறுவனம் ஆர்டிசுனேட்டைப் பெரியவர்களுக்கு 2006லும் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு 2011லும் பரிந்துரைத்தது. பரிந்துரை வந்ததும் மருந்து வார்டுக்கு வந்துவிடாது. ஊசிமருந்தைத் தயாரிக்கும் சீனாவின் குய்லின் நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தின் தரச்சான்றைப் பெற்றதே 2010 இறுதியில்தான், அதன் பிறகே பெரிய நிதி அமைப்புகள் மொத்தமாக வாங்க முடிந்தது. அமெரிக்காவில் இந்த ஊசிக்கு முழு அனுமதி கிடைத்தது 2020 மே மாதம். பயணம் போய் மலேரியாவோடு திரும்பும் ஓர் அமெரிக்கருக்கு இன்று அந்த ஊசி போடப்படுவதற்கு ரூர்கேலாவிலும் சிட்டகாங்கிலும் கின்ஷாசாவிலும் எண்ணப்பட்ட நோயாளிகளின் கணக்கே ஆதாரம்.

இதற்கிடையே கிருமியும் சும்மா இருக்கவில்லை. ஆர்டிமிசினினுக்கு ஓரளவு எதிர்ப்புத்திறன் பெற்ற மலேரியா முதலில் மேற்குக் கம்போடியாவில் தெரியவந்தது, இப்போது ருவாண்டா, உகாண்டா, எரித்திரியாவிலும் காணப்படுகிறது. வழக்கமாகச் சேர்த்துக் கொடுக்கும் இரண்டு மருந்துகளோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் தாக்குப்பிடிக்குமா என்று 2015இலிருந்து 2018 வரை எட்டு நாடுகளில் 18 இடங்களில் சோதித்தார்கள். இந்தியாவும் வங்கதேசமும் காங்கோவும் அதில் இருந்தன, ஒருங்கிணைத்தது பாங்காக்கின் அதே ஆய்வுப் பிரிவு. மூன்று மருந்துக் கூட்டு நன்றாகவே வேலை செய்தது. எதிர்ப்புத்திறன் பரவிய இடங்களில் தீவிர மலேரியாவுக்கு ஆர்டிசுனேட் ஊசி மட்டும் போதுமா, பழைய குயினைனையும் உடன் சேர்க்க வேண்டியிருக்குமா என்பது அடுத்த கேள்வி. அதற்கும் மறுபடி ஆயிரக்கணக்கான நோயாளிகளும் பல நாடுகளும் வேண்டும்.